முடிவில்லாக் கதையும் திருக்குளிர்த்தியும்

கதையொன்று எவ்வாறு முடிதல் வேண்டும் என்பது காப்பிய இலக்கணம் வகுத்தோர் காலந்தொட்டுக் கேட்கப்பட்டுவரும் வினாவாகும். முடிவே வராத வகையில் அமைக்கப்பட்ட கதை எவ்வாறு முடிதல் வேண்டும் என்பதோ நமது காலத்து வினா. அமெரிக்காவின் பொக்ஸ் தொலைக்காட்சியில் 1989 திசெம்பர் 17ஆந் திகதி தொடங்கி இன்றுவரை ஓயாது வெளிவரும் ‘சிம்ப்சன்ஸ்’ என்னும் கேலிச்சித்திரக் குடும்பத் தொடரை முன்னிறுத்தி இவ்வினா பலகாலும் எழுப்பப்பட்டுள்ளது. 750க்கு மேற்பட்ட அத்தியாயங்களைக் கண்ட இத்தொடர், 2025 ஏப்பிரலில் மேலும் நான்கு பருவங்களுக்கு நீடிக்கப்பட்டது. அவ்வொப்பந்தத்தின்படி அதன் 40ஆம் பருவம் 2029இல் நிறைவுறும். அதன் பின்னர் யாது நிகழும்? அமெரிக்கத் தொடரொன்றின் முடிவைப் பற்றி மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து சிந்திப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், எல்லோரும் நன்கறிந்த கதையை ஆண்டுதோறும் சொல்லி, ஆண்டுதோறும் முடித்து, மறு ஆண்டு மீண்டுந் தொடங்கும் கலையிற் பழகியவர்கள் இவ்வாவிக்கரை மக்கள். அக்கலை இவ்வினாவுக்கு ஒளி தரும் என்பதே நமது கருத்து.

முதற்கண் தொடரின் அமைப்பை நோக்குவோம். ஸ்பிரிங்ஃபீல்ட் என்னும் கற்பனை நகரில் அணுமின் நிலையமொன்றிற் பணிபுரியும் ஹோமர், அவன் மனைவி மார்ஜ், பத்து வயதுப் பார்ட், எட்டு வயது லீசா, பேசாக் குழந்தை மேகி ஆகியோரே குடும்பத்தினர். மற் குரெய்னிங் என்னும் ஓவியர் இவர்களைப் படைத்தார். 1987இல் வேறொரு நிகழ்ச்சியினிடையே சிறு துண்டுகளாக வந்த இவர்கள் பின்னர் அரைமணி நேரத் தொடராக வளர்ந்தனர். தொடர் வளர்ந்ததேயன்றி மாந்தர் வளர்ந்திலர். 1989இல் பத்து வயதாயிருந்த பார்ட்டுக்கு இன்றும் பத்து வயதே. இதனால் விளைந்த இடர்ப்பாடு சுவையானது. 1991இல் ஒளிபரப்பான அத்தியாயமொன்றில் ஹோமரும் மார்ஜும் பள்ளி மாணவராய்க் காதல்கொண்டது 1974ஆம் ஆண்டில் எனக் காட்டப்பட்டது. 2008இல் வந்த மற்றோர் அத்தியாயத்தில் அவர்தம் இளமைக்காலம் 1990களுக்கு நகர்த்தப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் வயது மாறாதிருத்தற்பொருட்டுப் பெற்றோரின் இறந்தகாலமே பெயர்த்து நடப்பட்டது எனலாம். மாந்தர் நிற்க, வரலாறு அவர்களுக்காக நகர்கின்றது.

இத்தன்மை அமெரிக்கர்க்கே உரியதன்று. யப்பானில் மச்சிக்கோ ஹசெகாவா என்னும் பெண் ஓவியர் 1946இல் பத்திரிகையில் வரையத் தொடங்கிய ‘சசாயே-சான்’, 1969 ஒக்ரோபர் 5ஆந் திகதி தொலைக்காட்சித் தொடராயிற்று. பத்திரிகையில் அது 1974இல் நின்றது. படைத்தவர் 1992இல் மறைந்தார். தொலைக்காட்சியிலோ ஞாயிறு மாலைதோறும் இன்றும் வருகின்றது. அங்கும் எவருக்கும் வயது கூடுவதில்லை. (அக்குடும்பத்தில் மணமகன் மனைவியின் பெற்றோர் வீட்டிலேயே வாழ்கின்றான். யப்பானியர்க்கு இது சற்றுப் புதுமையாகத் தோன்றக்கூடும். மாப்பிள்ளை பெண்வீட்டிற்கு வந்து குடியேறுவதே வழக்கமாகவுள்ள மட்டக்களப்பு வாசகர்க்கு இதிற் புதுமை யாதுமில்லை.) ஆக, வயதுகூடாமை என்பது ஒருவரது விருப்பன்று, குடும்ப நகைச்சுவைத் தொடர் என்னும் இலக்கிய வகையின் இலக்கணமே அதுவாகும். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு குழப்பத்தைத் தோற்றுவித்து, அரைமணி நேரத்திற்குள் அதனைத் தீர்த்து, எல்லாவற்றையும் தொடங்கிய இடத்திற் கொண்டுபோய் வைக்கின்றது. காப்பியத்திற் காலம் ஆறுபோல் ஓடிக் கடலை அடையும். இங்கோ அது தேங்கி நிற்கின்றது.

தேங்கிய காலத்திற்குப் பொருளாதார அடிப்படை ஒன்றுண்டு. ஹோமர் ஓய்வுபெற முடியாது. அவனுடைய முதலாளி பேர்ன்ஸ் தள்ளாத முதியவராயினும் இறக்க முடியாது. வேலை, கடன், வீட்டுச்செலவு ஆகியவை வாரந்தோறும் புதிதாய்த் தொடங்குகின்றன. உழைக்கும் குடும்பத்தின் வாழ்க்கையை இத்தொடர் இவ்வளவு உண்மையாகக் காட்டுவதற்கு இவ்வமைப்பே காரணம் என்பது நமது துணிபு. ஆயின், தொடரைத் தயாரிக்கும் உழைப்பும் அவ்வாறே ஓய்வின்றித் தொடர்வதை மறத்தலாகாது. கதை அமெரிக்காவில் எழுதப்படினும் படங்களிற் பெரும்பகுதி தென்கொரியாவின் சியோல் நகரக் கலைக்கூடங்களிலேயே வரையப்பட்டு வந்துள்ளது. 2010இல் பாங்சி என்னும் பிரித்தானியச் சுவரோவியர் அமைத்த தொடக்கக் காட்சியொன்று, இருண்ட தொழிற்கூடத்தில் வரிசையாயிருந்து சித்திரம் தீட்டும் ஆசியத் தொழிலாளரை மிகைப்படுத்திக் காட்டிற்று. தொடரை நடத்திய நிறுவனமே அதனை ஒளிபரப்பி அதிலும் ஆதாயம் கண்டது. தன்னைப் பழிப்பதையும் விற்கவல்ல நிறுவனத்திடம் “போதும்” என்னும் சொல்லை எதிர்பார்த்தல் எளிதன்று. 2019இல் இத்தொடரின் உரிமை டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு மாறியது.

முடிவை நோக்கிய முயற்சிகள் நடைபெறாமலில்லை. தொடரை நீண்டகாலம் நடத்திய அல் ஜீன், இறுதி அத்தியாயத்தின் கடைசிக் காட்சி 1989இன் முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தோடு சென்று பொருந்துமாயின் நன்று எனக் கூறியதுண்டு. நத்தார் விழாவிற்குச் செல்லும் குடும்பம் மீண்டும் அதே நத்தார் விழாவிற்குச் செல்லும். கதை ஒரு வட்டமாகிவிடும். 2011இல் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோராகிவிட்ட எதிர்காலத்தைக் காட்டும் அத்தியாயமொன்று, தொடர் அத்துடன் நின்றுவிடின் முடிவாக அமையட்டும் என்ற எண்ணத்துடன் எழுதப்பட்டது. தொடர் நிற்கவில்லை. 2024 செத்தெம்பரில் 36ஆம் பருவத்தின் முதல் அத்தியாயம் ‘இறுதி அத்தியாயம்’ என்றே நாடகமாடிற்று. கணினி மூளையொன்று எழுதிய முடிவு எனச் சொல்லி, பார்ட்டுக்குப் பதினொரு வயதாவதையும், பிற தொடர்களின் முடிவுகளிற் கண்டுசலித்த பிரிவுகளையும் விடைபெறல்களையும் அடுக்கிக் காட்டி, அவற்றை ஏற்கமறுக்கும் பார்ட்டையும் காட்டியது. 2025 மே மாதத்தில் மார்ஜ் இறந்துவிட்ட எதிர்காலமொன்று காட்டப்பட்டது. பார்த்தோர் பலர் கலங்கினர். அடுத்த பருவத்தில் மார்ஜ் வழமைபோற் சமையலறையில் நின்றாள். இத்தொடரில் மரணமும் முடிவன்று என்பது இதனால் உறுதிப்படுகின்றது.

பிற தொடர்களும் நமக்கு அதிகம் உதவவில்லை. ‘டைனோசர்ஸ்’ என்ற பொம்மைக் குடும்பத் தொடர் 1994இற் பனியூழி சூழ்ந்து குடும்பமே அழியவிருப்பதைக் காட்டி முடிந்தது. துணிச்சலான முடிவுதான், எனினும் அதனைப் பார்த்த சிறுவர்கள் அன்றிரவு எவ்வாறு உறங்கினர் எனக் கேட்கத் தோன்றுகின்றது. ‘கிங் ஒவ் த ஹில்’ 2009இல் அமைதியாக முடிந்தது. 2025இல் மாந்தர்க்கு வயதைக் கூட்டி அதனை மீளவும் எழுப்பினர்.

உண்மைக் காலம் இத்தொடரினுள்ளே ஒரே வழியாகத்தான் நுழைகின்றது. அது குரல்வழி. பார்ட்டின் ஆசிரியை கிரபாப்பலுக்குக் குரல் கொடுத்த மார்சியா வலஸ் 2013 ஒக்ரோபரில் மறைந்தார். வாரந்தோறும் கரும்பலகையிற் குறும்பு வாசகம் எழுதும் பார்ட், அவ்வாரம் ஆசிரியைக்குப் பிரிவுரை எழுதினான். அப்பாத்திரம் வேறு குரலுக்கு மாற்றப்படவில்லை, தொடரைவிட்டே விலக்கப்பட்டது. யப்பானிலோ சசாயேயின் தந்தைக்குக் குரலீந்த இச்சிரோ நாகாய் 2014இல் மறைந்தபோது வேறொருவர் அக்குரலை ஏற்றுக்கொண்டார். தந்தை தொடர்ந்து பேசினார். மார்ஜின் குரலுக்குரிய ஜூலி கவ்னர் 1950இற் பிறந்தவர். இதற்குமேல் நாம் விரிக்க வேண்டியதில்லை.

குரல்பற்றிப் பேசுகையில் நமக்கு நெருக்கமான ஒருவனை விட்டுச்செல்லல் இயலாது. கடைக்காரன் அப்பு, இந்தியாவிலிருந்து சென்று குடியேறியவன். அவனுக்கு வெள்ளையரான ஹாங்க் அசாரியா குரல் கொடுத்தார். அக்குரலைக்கொண்டு பள்ளிகளிலே தெற்காசியப் பிள்ளைகள் கேலிசெய்யப்பட்டதை ஹரி கொண்டபொலு 2017இல் ஒரு விவரணப்படத்தில் எடுத்துக்காட்டினார். 2020இல் அசாரியா விலகிக்கொண்டார். புதிய குரல் தேடப்படவில்லை. அப்பு இப்பொழுது கூட்டக் காட்சிகளில் ஊமையாய் நிற்கின்றான். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் குடும்பங்களில் இதனைக் கவனியாதார் சிலரே இருப்பர். குறையைத் திருத்துவதற்குப் பதிலாகக் குரலைப் பறித்தல் நிறுவனங்களுக்கு எளிதாயுள்ளது.

இனி வாவிக்கரைக்கு வருவோம். இரவு முழுவதும் ஆடப்பெறும் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் விடியலில் வாழி பாடி நிறைவுறுகின்றன. அண்ணாவியார் மாதக்கணக்கிற் பழக்கிய கூத்து அரங்கேற்றத்தோடு ஓய்ந்துவிடுவதுமில்லை. பின்னர் வீட்டுக்கு வீடு ஆடப்பெறுவதும் மரபு. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பல்கலைக்கழக மேடைக்கென நேரஞ் சுருக்கி அமைத்தபோது, விடியலிற் கிட்டிய முடிவு முன்னிரவிலேயே கிட்டலாயிற்று. அது பெரும் பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் சூரியனோடு சேர்ந்து வரும் முடிவும் திரை விழுவதனால் வரும் முடிவும் வெவ்வேறானவை என்பது நோக்கற்பாலது.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திற் பாரதக்கதை பதினெட்டு நாட் சடங்காக நிகழ்கின்றது. ஊரவர் பாண்டவராய் வனவாசஞ் செல்கின்றனர். அருச்சுனன் தவம் புரிகின்றான். இறுதியில் தீமிதிப்பு நடைபெறுகின்றது. குடும்பப் பூசலை ஆண்டுதோறும் விளையாட்டாக்கிய கொம்பு விளையாட்டும் இங்கு நினைக்கத்தக்கது. ஊர் இரண்டாய்ப் பிரிந்து, வடசேரியார் கோவலன் பக்கமும் தென்சேரியார் கண்ணகி பக்கமும் நின்று, கொளுவிய கொம்புகளை இழுத்து முறிப்பர். கணவன் மனைவி வழக்கு அவ்வாண்டுக்குத் தீர்கின்றது. மறு ஆண்டு கொம்பு மீண்டும் கட்டப்படலாம். நகைச்சுவைத் தொடருக்கு இதனினும் நெருங்கிய உறவு நம்மிடம் வேறில்லை.

எனினும் நமது வினாவிற்கு நேர்விடை தருவது ‘கண்ணகி வழக்குரை’யே. பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்த இந்நூல், மட்டக்களப்பின் கண்ணகை அம்மன் ஆலயங்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்பெறுவது. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களின் ஆலயங்கள் இவ்வகையிற் புகழ்பெற்றவை. வரம்பெறு காதை, கடலோட்டு காதை எனத் தொடரும் கதை, வழக்குரைத்த காதையில் உச்சங் காண்கின்றது. பாண்டியன் வீழ்கின்றான், மதுரை எரிகின்றது. சிலப்பதிகாரம் இதன்பின் கண்ணகியைச் சேரநாட்டு மலைக்குக் கொண்டுசென்று, கோவலனோடு விண்ணேற்றி, கல் நாட்டிக் கோயிலும் எழுப்பி முடிக்கின்றது. வழக்குரையோ வேறு வழியிற் செல்கின்றது. அதன் இறுதிப் பகுதி குளிர்ச்சிக் காதை. எரியாய் நிற்கும் கண்ணகியை இடைச்சியர் குளிர்விக்கின்றனர். பாடல் முடிகையிற் சடங்கும் அவ்விடத்தையே சென்றடைகின்றது. திருக்குளிர்த்தி நிகழ்கின்றது, வேப்பிலை கொண்டு நீர் தெளிக்கப்படுகின்றது, கூடியிருந்தோர் அக்குளிர்மையைப் பெற்று வீடு திரும்புகின்றனர்.

இங்கே கதைமுடிவு என்பதன் பொருளே மாறிவிடுகின்றது. கண்ணகிக்குப் பின்னர் யாது நேர்ந்தது என்பது கேட்போரின் முதல் வினாவன்று. அதனை அவர்கள் பாட்டன் காலந்தொட்டு அறிவர். கதை எழுப்பிய வெப்பத்தை எவ்வாறு தணித்து வீட்டுக்குப் போவது என்பதே வினா. மாந்தர்க்கு நேர்வதை முடிவெனக் கொண்டால் மணமும் மரணமும் பிரிவுமே நமக்குக் கிட்டும். 2024ஆம் ஆண்டின் போலி இறுதி அத்தியாயம் எள்ளி நகையாடியவை இவையே. கேட்போர்க்குச் செய்யப்படுவதை முடிவெனக் கொள்ளின், தேங்கிய காலமுடைய கதைக்கும் முடிவு கூடும். ஏனெனில் மாந்தரின் வயது அதற்குத் தேவையில்லை.

இன்னுமொன்று. இவ்வாலயங்களிற் பலவற்றின் கதவு ஆண்டிற் சில நாள்களே திறந்திருக்கும். கதவு திறத்தலும் அடைத்தலும் சடங்கின் உறுப்புகள். அடைத்த கதவே அடுத்த வைகாசியை உண்டாக்குகின்றது. நிறுவனங்களின் இணையவழித் தளங்களில் நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் இரவும் பகலும் திறந்தே கிடக்கின்றன. படுவான்கரை இளைஞனொருவன் வயற்காவலின்போது நள்ளிரவிற் கைப்பேசியில் அவற்றைப் பார்க்கலாம். ஒன்று முடிந்த கணத்தில் அடுத்தது தானாகவே தொடங்கும். கதவே இல்லாத ஆலயத்தில் எதனை அடைப்பது? கடைசி அத்தியாயத்தை எவ்வளவு சிறப்பாக எழுதினும், அது முடிந்தவுடன் முதல் அத்தியாயம் தானே ஓடத்தொடங்குமாயின், அல் ஜீன் கனவுகண்ட வட்டத்தை இயந்திரமே வரைந்துவிடும். அது வட்டமாயிருக்கும், முடிவாயிராது.

முடிவை இவ்வளவு பொருட்படுத்துவானேன் எனலாம். இக்கரையில் நின்றுபோனவை பல, முடிந்தவை சில. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். ஆலயச் சடங்குகள் தடைப்பட்டன. 2004 திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நாவலடியிலும் கல்லடியிலும் காரைதீவிலும் குடும்பங்களை ஒரு காலைப்பொழுதில் இல்லாமற் செய்தது. அவ்வீடுகளிற் பாதியில் நின்ற பேச்சுகளுக்கு முடிவு இல்லை. நின்றுபோதல் வேறு, முடிதல் வேறு என்பதை இவ்வூரவர் நூல்களிற் படித்து அறியவில்லை. ஆதலால் ஒரு தொடர் வருவாய் குறைந்த ஆண்டில் நிறுத்தப்படுமா, அல்லது முறையாக முடிக்கப்படுமா என்பது நமக்கு அற்ப வினாவாகத் தோன்றவில்லை.

தடையொன்று எழுப்பப்படலாம். சடங்கிற்கு ஊர் உண்டு, நம்பிக்கை உண்டு, கதைக்கு உரியோர் ஊராரே. தொலைக்காட்சித் தொடருக்கோ பங்குதாரர் மட்டுமே உளர் என்பர். உண்மையே. குளிர்த்தியை டிஸ்னி நிறுவனம் செய்துவைக்கும் எனக் கருதும் பேதைமை நமக்கில்லை. எனினும் மூன்று தலைமுறையினர் ஒருங்கிருந்து பார்த்த கதையின்மேல் அவர்களுக்கு எவ்வுரிமையும் இல்லை என்பதும் ஏற்கத்தக்கதன்று. சட்டத்தில் உரிமை ஒருவர்க்கு; வழக்கில் உரிமை பலர்க்கு. நெடுங்காலம் பயிர்செய்தவனுக்கும் உறுதி வைத்திருப்பவனுக்கும் இடையே எழும் பழைய வழக்குப் போன்றதே இதுவும்.

ஆகவே இறுதி அத்தியாயத்தை நாம் இவ்வாறு கற்பனை செய்கின்றோம். அதில் எவரும் இறவார்; எவருக்கும் மணம் நிகழாது. சாதாரண வாரநாள். ஹோமர் வேலையில் ஒரு தவறு செய்து அதனை மறைப்பான். பார்ட் ஒரு சன்னலை உடைப்பான். லீசா ஒரு நியாயத்திற்காகத் தனித்து நிற்பாள். குழப்பம் வழமைபோல் அரைமணியிலே தீரும். இத்தொடரின் ஒவ்வோர் அத்தியாயமும், நால்வேறு திசைகளிலிருந்து வீட்டிற்கு ஓடிவரும் குடும்பம் தொலைக்காட்சியின் முன் சோபாவில் அமர்வதோடு தொடங்குவது வழக்கம். அச்சோபாவே அவர்களது களரி. இறுதி அத்தியாயம் அக்களரியில் முடிதல் வேண்டும். அனைவரும் அமர்ந்திருப்பர்; மார்ஜ் எழுந்து பெட்டியை நிறுத்துவாள். இருண்ட திரையிலே ஐவரின் உருவமும் மங்கலாய்த் தெரியும். சிறிது நேரம் எவரும் பேசார்.

பின்னர் வாழி. குரல் கொடுத்தோர், மறைந்தோர், விலகியோர், சியோலிலிருந்து தீட்டியோர் எல்லோரது பெயரும், கண் தொடரமுடியாத வேகத்தில் ஓடாமல், வாசிக்கக்கூடிய வேகத்தில், ஒருவர் வாயினாற் சொல்லப்படல் வேண்டும். அதற்கு ஒரு மணிநேரம் பிடிப்பினும் பிடிக்கட்டும். கூத்துப் பார்க்க விடியும்வரை இருந்தவர்கள் நாம். அப்பெயர்களுக்கிடையே ஒருமுறை அப்புவின் கடை காட்டப்படல் வேண்டும். கதவை இழுத்துப் பூட்டும் அவன், தன் குரலில், தன்னவர் ஒருவரின் குரலில், அயலவர்க்கு நல்லிரவு சொல்லட்டும். அன்றிலிருந்து ஓராண்டு தளத்திலிருந்து எல்லா அத்தியாயங்களும் அகற்றப்பட்டு, அதன்பின் ஆண்டிற் சில நாள்கள் மட்டும் திறக்கப்படல் வேண்டும் என்பதும் நமது விருப்பம். இது நடவாது என்பதையும் அறிவோம்.

குழந்தை மேகியைப் பற்றி மட்டும் நம்மிடையே உடன்பாடு ஏற்படவில்லை. 1992இல் ஒரேயொரு முறை, அறையில் எவரும் இல்லாத வேளையில், அவள் ‘அப்பா’ என்னும் பொருள்படும் சொல்லைச் சொன்னாள்; நடிகை எலிசபெத் டெய்லர் குரல் கொடுத்தார். தொலைக்காட்சி நிறுத்தப்பட்ட பின்னர் அவள் அதனை மீண்டும் சொல்லவேண்டும், இம்முறை ஹோமர் கேட்கவேண்டும் என்பர் எம்மிற் சிலர். ஏனையோர், அச்சொல் எவராலும் கேட்கப்படாமலே இருத்தல் நன்று என்கின்றனர்.